ஊட்டச்சத்து பேச்சிராஜ்

பேச்சிராஜ் மைக்கைப் பிடித்தால் எங்கள் பக்கத்தில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பின்சீட்டில் அவன், முன்னால் ஓட்டுவது நான். ஆட்டோ என்னுடையது, மைக் செட்டும் என்னுடையது, பின்பக்கம் 'ரசீத் சவுண்ட் சர்வீஸ்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதும் என் பெயர்தான். ஆனாலும் மேலப்பாளையத்திலிருந்து குளத்தங்கரை வரைக்கும் யாரைக் கேட்டாலும் "பேச்சிராஜ் வண்டி வருது" என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பொறாமை உண்டா என்றால், தாராளமாக உண்டு.

அவன் சொல்லாத செய்தி கிடையாது. நாளைக்குக் குடிதண்ணீர் வராது, மின்தடை, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன பசு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சாவு. சாவுக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறான். செத்தவரை அறியாதவன்கூட அதைக் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். காலையில் அதே தொண்டை, "சூடான இட்லிக்குச் சுகிர்தா மாவு" என்று கொஞ்சும். சுகிர்தா அவன் பெண்டாட்டி. கால்வாய்ப் பாலத்துப் பக்கம் வீட்டின் முன்னறையிலேயே இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். சாயங்காலம் எங்காவது கபடிப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். "பாடி வருகிறான், பாடி வருகிறான், கோட்டைத் தொட்டானா, தொடவில்லையா!" என்று அவன் போடுகிற சத்தத்தில், ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவனிடம் ஒரு கிறுக்கும் உண்டு. எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துப் பேசமாட்டான். ஒரு தரம் படிப்பான், மடித்துச் சட்டைப்பையில் போடுவான், பிறகு மனப்பாடமாக முழங்குவான். தாளில் பிழை இருந்தால் தானே திருத்திக்கொள்வான். ஒருமுறை ஒரு சாவு வீட்டில் பதற்றத்தில் பழைய கல்யாண அறிவிப்பைப் பார்த்து எழுதி, கடைசி வரியில் "வருகை தந்து விழாவைச் சிறப்பிக்குமாறு" என்று கொடுத்துவிட்டார்கள். இவன் கண்ணிமைக்காமல் "இறுதி மரியாதை செலுத்துமாறு" என்று மாற்றிச் சொல்லிவிட்டான். அந்த வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்றைக்குத் தலைக்கு ஏறியதுதான், அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

அவன் வாக்குக்கு முத்திரை குத்துகிறவர் ஒருவர் இருந்தார். சங்கரசுப்பிரமணியன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். எங்களுக்கெல்லாம் சார்வாள். ஊரில் எந்தச் செய்தி கிளம்பினாலும் ஜனங்கள் அவருக்குப் போன் போட்டு, "நெசந்தானா சார்வாள்?" என்று கேட்பார்கள். அவர் "யார் சொன்னது?" என்பார். "மைக்குல பேச்சிராஜ் சொன்னாரு" என்றால், "பேச்சிராஜ் சொன்னா சரிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

இந்தக் கோடையில்தான் எல்லாம் தலைகீழானது. எங்கள் அல்லிமுத்துக் குளம் சும்மாவே கொஞ்சம் பாசி பிடித்துத்தான் கிடக்கும். இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் கிளிப்பச்சையாகிவிட்டது. கரையில் நின்று பார்த்தால் யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல இருந்தது. என் மகள் தஸ்மியா கல்லூரியில் சுற்றுச்சூழல் படிப்பில் கடைசி வருஷம். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது இந்தக் குளத்தைத்தான். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவள் நேராகச் சார்வாளிடம் போனாள். அவர், "ஒரு அறிவிப்பு எழுதிக் குடும்மா, பேச்சிராஜ் சொல்லட்டும்" என்றார். அவள் எழுதியது இதுதான்:

"அல்லிமுத்துக் குளத்துத் தண்ணீரில் ஊட்டச்சத்து மிக அதிகமாக இருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. எனவே இந்தத் தண்ணீரைக் கால்நடைகளுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம்."

பேச்சிராஜ் ஆட்டோவில் உட்கார்ந்து படித்தான். முதல் வரியிலேயே அவன் கண் விரிந்தது.

"ஏலே ரசீது! நம்ம குளத்துல ஊட்டச்சத்தாம்லே! மிக அதிகமாம்!"

"அப்படியா?" என்றேன்.

"ஆமாம்லே. ஆனா கடைசில ஒரு பிழை. பாவம், உம்மகள் இங்கிலீசுல படிக்கிற புள்ளல்லா? 'கொடுக்க வேண்டும்'னு எழுத வேண்டிய இடத்துல 'வேண்டாம்'னு எழுதிட்டு. ஊட்டச்சத்து அதிகம்னா யாராவது கொடுக்க வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். சத்துமாவு, சத்துணவு, சத்து டானிக் என்று எந்தச் சத்தையும் இந்த ஊரில் வேண்டாம் என்று யாரும் சொன்னது கிடையாது. "திருத்திரு" என்றேன்.

திருத்தினான். அதோடு நின்றானா? ஊட்டச்சத்து என்று மூன்று தரம் அழுத்திச் சொன்னான். "ஆய்வில் தெரியவந்த அற்புதம்" என்று சேர்த்தான். "கால்நடைச் செல்வங்களுக்குத் தவறாமல் கொடுத்துப் பயன்பெறுவீர்" என்று முடித்தான். கபடி இறுதிப்போட்டியில்கூட அவன் குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. நாங்கள் நான்கு தெரு சுற்றிவிட்டு வருவதற்குள் குளத்தங்கரை தேர்க்கூட்டமாகிவிட்டது. குடம், வாளி, பெயிண்ட் டப்பா, கேன். ஸ்கூட்டரின் முன்னால் கேனை வைத்துக்கொண்டு ஒருவர், பின்னால் உட்கார்ந்த பெண்டாட்டி மடியில் இன்னொரு கேன். என் அக்கா, ஊருக்கெல்லாம் பாத்து லாத்தா, தன் ஆடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்து தண்ணீர் காட்டினாள். "நல்லா குடிங்க செல்லங்களா, சத்தாம்" என்று அவள் ஆடுகளுக்குச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

தஸ்மியா கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் இந்தக் காட்சியைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"ஊத்துங்க கீழே! எல்லாரும் கீழே ஊத்துங்க! வாப்பா, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

கேன்கள் கவிழ்ந்தன. ஆனால் ஆடுகளின் வயிற்றைக் கவிழ்க்க முடியுமா? சாயங்காலத்துக்குள் பாத்து லாத்தாவின் ஆடுகள் வயிறு ஊதி, கழிச்சல் கண்டு, காலைப் பரப்பிப் படுத்துவிட்டன. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, மருந்து புகட்டி, எப்படியோ எழுப்பிவிட்டார். ஓர் ஆடும் சாகவில்லை. செத்தது பேச்சிராஜின் பெயர்தான். மறுநாள் காலையில் சுகிர்தா மாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனால், டீக்கடையிலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, மாவுல ஊட்டச்சத்து உண்டா?" என்றான். அப்புறம் ஊரே பிடித்துக்கொண்டது. ஊட்டச்சத்து பேச்சிராஜ். சின்னப் பிள்ளைகள் ஆட்டோவின் பின்னால் ஓடிக்கொண்டே கத்தும்.

சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்ததை மறைப்பானேன்? அந்த வாரமே சார்வாள் காலமானார். அதோடு சிரிப்பு போயிற்று.

காலையில் பூஜையறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மகன் கோமதிசங்கர் வங்கியில் வேலை பார்க்கிறவர். அழுது வீங்கிய கண்ணோடு வந்து, "அப்பாவுக்கு நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி" என்று பேச்சிராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சிராஜ் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினான். தன் சாவுக் குரலில் உள்ளதை எல்லாம் சார்வாளுக்காக எடுத்து வைத்தான். தெருத் தெருவாகச் சொன்னோம். ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. குக்கர் விசில் ஜன்னல் ஜன்னலாகக் கேட்டது. ஒரு மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "நல்லா படிச்சியளா அண்ணாச்சி? 'சாகலை'ன்னு எழுதியிருக்கப்போவுது!" என்றாள்.

நாங்கள் சார்வாள் வீட்டுக்குத் திரும்பி வந்தால், நடுக்கூடத்தில் அவர் கிடத்தப்பட்டிருக்கிறார். தலைமாட்டில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜனங்களுக்குப் பழக்கம் விடுமா? செய்தி நிஜமா என்று தெரிய வேண்டுமானால் சார்வாளைக் கேட்பதுதானே வழக்கம்? அதனால் சார்வாள் செத்தது நிஜமா என்று சார்வாளுக்கே போன் போட்டார்கள். கோமதிசங்கர் ஒவ்வொரு தடவையும் எடுத்து, "ஆமா, நெசந்தான். ஆமா, அப்பா போயிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் போனை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வாசற்படியில் நின்ற பேச்சிராஜ் அதைப் பார்த்தான். உள்ளே வராமல் அப்படியே இறங்கிப் போய்விட்டான்.

மைக்கை என் கடை மேஜையில் கொண்டுவந்து வைத்தான். "இனிமே வேற ஆளைப் பாத்துக்க மாப்ளே."

"என்னலே, ஒரு தப்புக்குப் போயி..."

"என் வாயில வந்த சாவை ஜனம் நம்பலையேலே. அந்த மனுசன் பெத்த புள்ள, 'நெசமாத்தான் செத்துட்டாங்க'ன்னு ஊர்பூராவுக்கும் சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கு. சொன்னா நம்பணும், அதுக்குத்தான் மைக்கு. நம்பலைன்னா அது வெறும் சத்தம்லா?"

என்ன சமாதானம் சொன்னாலும் ஏறவில்லை. வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான். சுகிர்தா மாவுக்குக்கூடக் குரல் கிடையாது. எங்கள் பகுதி ஊமையாகிவிட்டது போலிருந்தது. பொறாமைப்பட்டேன் என்றேன் அல்லவா, அந்தக் குரல் இல்லாமல் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. தஸ்மியாவைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு எனக்குந்தான் மாமா" என்றாள் அவள். "புத்தகத்துல இருக்கிற சொல்லை அப்படியே எழுதிட்டேன். அந்தச் சத்து நமக்கு இல்ல. பாசிக்கு. சோப்புத்தண்ணி, சாணி, சோறு, கக்கூஸ் தண்ணி எல்லாத்துலயும் அது இருக்கு. அதைத் தின்னு பாசி பெருகுது, பெருகினது செத்து அழுகுது, அழுகும்போது தண்ணியில இருக்கிற காத்தை எல்லாம் குடிச்சிருது. மீனு மூச்சுக்கு வாயைப் பொளக்குது. சில பாசி விஷத்தையும் கக்கும். ஆட்டுக்கு வந்தது அதான்."

பேச்சிராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "தின்னுத் தின்னுப் பாசிக்குத் தெனவெடுத்துப் போச்சு. அதுக்குப் பேரு ஊட்டச்சத்தா? அதுக்குப் பேரு கொழுப்பும்மா! 'குளத்துக்குக் கொழுப்பு ஏறிட்டு'ன்னு எழுதியிருந்தா ஒருத்தனாவது குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பானா?"

தஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்லூரியில அப்படி எழுதினா முட்டை போடுவாங்க மாமா."

"சரி, இந்தக் கொழுப்பு எங்கன இருந்து வருது?"

"மேல இருந்து, கால்வாய் வழியா. இப்போ ஆத்துத் தண்ணி கிடையாதுல்லா? கோடையில கால்வாயில ஓடுதது பூரா நம்ம வீடுங்கள்ல இருந்து வர்ற தண்ணிதான். எந்தெந்த இடத்துல வந்து சேருதுன்னுதான் நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பேச்சிராஜ் சட்டையை எடுத்து மாட்டினான். அவன் மூக்கு விடைத்தது. கபடியில் கடைசி நிமிஷம் வந்தால் விடைக்குமே, அந்த மாதிரி.

"மைக்கை எடுலே ரசீது. இனிமே எழுதினதைப் படிச்சுச் சொன்னாத்தானே வில்லங்கம்? கண்ணால பாக்கேன், பாத்ததை அங்கனயே நின்னு சொல்லுதேன். நேர்முக வர்ணனை! நான் சொல்லுதது பொய்யா இருந்தா பக்கத்துல நிக்கிறவனே செருப்பைக் கழட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரையில் ஆட்டோவை நிறுத்தினேன். முதலில் எங்களைப் பார்த்தது இரண்டு நாய்கள்தான். பேச்சிராஜ் தொண்டையைச் செருமினான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! எதிரணியின் பெயர் கொழுப்பு. நம் அணி அல்லிமுத்துக் குளம். இதோ படித்துறை. முதல் ரெய்டு! நுரை வருகிறது, வெள்ளை நுரை வருகிறது, சோப்புப் பவுடர் நுரை, கோட்டைத் தாண்டியது, குளத்தில் இறங்கியது, தொட்டுவிட்டது, குளம் அவுட்!"

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஊட்டச்சத்து வந்துட்டாருடி" என்றாள் ஒருத்தி. ஆனால் எழுந்து வந்தார்கள். நான் ஆட்டோவைக் கால்வாய்க்கரைப் பாதையில் பைய உருட்டினேன். தஸ்மியா முன்னால் நடந்து இடத்தைக் காட்டுவாள், அவன் பார்ப்பான், பார்த்ததைச் சொல்வான். அன்னத்தாயின் மாட்டுக் கொட்டிலில் குழாயைப் பீய்ச்சிச் சாணத்தைக் கால்வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேச்சிராஜ் அதைப் பாட ஆரம்பித்ததும் அன்னத்தாய் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏன்யா, சாணி என்ன கெட்டதா? வாசல்ல தெளிக்கோம்லா?"

"வாசலுக்கு நல்லதுதான் மைனி. வயலுக்கும் நல்லது. குளத்துக்குத்தான் இது கொழுப்பு."

"அப்ப வேணுங்கிறவன் வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போகட்டுமே, நானா வேண்டாங்கேன்?"

"பொதுமக்களே, சாணி வேண்டுவோர் வண்டி கொண்டுவரலாம்!" என்று அந்த இடத்திலேயே அதையும் அறிவித்தான். கூட்டம் சேர ஆரம்பித்தது. கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் முதல்நாள் பந்தியின் சாம்பாரும் சோறு வடித்த கஞ்சியும் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தன. "பாயசம் வருகிறது, முந்திரிப்பருப்போடு வருகிறது, மொய் எழுதாமல் சாப்பிடுகிறது பாசி!" என்றதும் மண்டப மேனேஜர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். செடி விற்கிற இடத்தில் யூரியா மூட்டை கிழிந்து கரையில் கொட்டிக் கிடந்தது. கோழிக்கடைக் கழிவு கிடந்தது. ஜனங்கள் தாங்களாகவே, "அண்ணாச்சி, அங்கன ஒரு குழாய் இருக்கு, இங்கன பாருங்க" என்று காட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கபடிப் போட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

அடுக்குமாடி வீடுகளின் பின்னால் தென்னை ஓலையைச் சார்த்தி மறைத்திருந்தார்கள். ஓலையை விலக்கினால் தடிக் குழாய். அதிலிருந்து வந்ததை நான் எழுதவில்லை, மூக்கு உள்ளவர்களுக்குப் புரியும். அந்தக் குடியிருப்பின் செயலாளர் குமரகுருபரன் பனியனோடு ஓடிவந்தார்.

"யோவ், அது மழைத்தண்ணிக் குழாய்! தெரியாம பேசாதேயும் வே!"

பேச்சிராஜ் வானத்தைப் பார்த்தான். அக்னி நட்சத்திரம், ஒரு பொட்டு மேகம் இல்லை. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டான்.

"பொதுமக்களே! மழை! திருநெல்வேலியில் மழை! ஊரெல்லாம் காய்கிறது, இந்த ஒரு குழாயில் மட்டும் கனமழை!"

சிரிப்பு கால்வாயின் அந்தக் கரையில் பட்டுத் திரும்பி வந்தது. குமரகுருபரனே சிரித்துவிட்டார், பிறகுதான் கோபம் ஞாபகம் வந்து முகத்தை மாற்றிக்கொண்டார்.

அந்தச் சிரிப்போடு வளைவைத் திரும்பினோம். பாலம் தெரிந்தது. பாலத்துக்குப் பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு சிறு குழாய். அதிலிருந்து பால் போல வெள்ளையாகத் தண்ணீர் இறங்கி, கால்வாயில் கொஞ்ச தூரம் தனிக்கோடாக ஓடியது. அது விழுகிற இடத்தில் பாசி மெத்தை மாதிரி தடித்துக் கிடந்தது. தஸ்மியா அதைக் காட்டக் கையைத் தூக்கினாள். சுவருக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

சுகிர்தா மாவு.

நான் மடையன். கியரை மாற்றி, வண்டியைக் கொஞ்சம் வேகமாக உருட்டிவிடலாம் என்று பார்த்தேன். "நிறுத்துலே" என்றான் பேச்சிராஜ். நிறுத்தினேன். மைக் அவன் வாய்க்கு நேரே இருந்தது. வாய் திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. கூட்டம் பார்த்தது. குழாயைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், அவன் முகத்தைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "இப்ப என்ன திருத்தப்போறாரு?" என்று மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். சொன்னால் கடை போகும், அவள் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அவன் குரல் போகும், இனி என்றைக்கும் திரும்பாது. யா அல்லா, இவன் வாயை யாராவது திறந்துவிட மாட்டார்களா, அல்லது மூடிவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டேன்.

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சுகிர்தா வந்தாள். முழங்கை வரை மாவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மைக்கைத் தொட்டதில்லை. "வீட்டுல எனக்கு அது தேவையில்ல" என்பாள். நேராக வந்து அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். மைக் முழுக்க மாவு.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பேச்சிராஜ் பெண்டாட்டி பேசுதேன். இந்த வெள்ளைத் தண்ணி நம்ம கடைத் தண்ணிதான். அரிசி களைஞ்சது, உளுந்து களைஞ்சது, கிரைண்டர் கழுவினது, எல்லாம் இங்கனதான் விடுதேன். இவருக்கு இது தெரியாது. இவரு மாவுக்கு மைக்கு பிடிப்பாரு, என்னைக்காவது கிரைண்டர் கழுவியிருந்தாத்தானே தெரியும்?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைத்தட்டு கிளம்பியது. அவள் அதற்கு நிற்கவில்லை.

"அரிசி களைஞ்ச தண்ணிதானே, அது என்ன செய்யும்னு நெனச்சேன். அதுவும் அந்தப் பாசிக்குச் சோறுதான்னு இப்பத்தான் தெரியுது. நாளையில இருந்து ஒரு சொட்டு விழாது. எங்க அம்மை வீட்டுல கழனித் தண்ணின்னு மாட்டுக்கு வைப்போம். ஆடு மாடு வச்சிருக்கிறவங்க பானை கொண்டாந்தா எடுத்துக்கிடலாம், மிச்சத்தை வாழைக்கு விட்டுக்கிடுதேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாத்து லாத்தா முன்னால் வந்தாள். இடுப்பில் கை.

"உம்புருசன் சொன்னான்னு ஆட்டுக்குத் தண்ணி காட்டினேன், அல்லாவே, பாதி உசுரு போயிட்டு. இப்ப நீ சொல்லுத தண்ணிய நம்பி வைக்கலாமாட்டி?"

"தைரியமா வையுங்க லாத்தா. நான் பிழை திருத்த மாட்டேன்."

அப்போது எழுந்த சிரிப்பில் பாலத்தின் அடியிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. பேச்சிராஜும் சிரித்தான், சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாவு அப்பிய மைக்கைத் திரும்ப வாங்கி, "நடுவர் தீர்ப்பு: என் வீடு அவுட்!" என்றான். குமரகுருபரன்தான் முதலில் கை தட்டினார். அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதோடு குளம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் நானும் பிழை திருத்துகிறவனாகிவிடுவேன். குளம் பச்சையாகத்தான் கிடந்தது. களக்காட்டிலிருந்து வாழைக்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்து அன்னத்தாயின் சாணத்தை அள்ளிப்போக ஆரம்பித்தார். மண்டபத்தில் குழி தோண்டினார்கள். அடுக்குமாடியின் மழை மட்டும் இன்னும் நிற்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுகிர்தாவின் குழாயில் சிமெண்டை வைத்து அடைத்தது பேச்சிராஜ். கிரைண்டர் கழுவுவதும் இப்போது அவன்தான். கடைக்குக் கூட்டம் குறையவில்லை. சுகிர்தாவின் தைரியத்தைப் பார்க்க வந்தவர்கள் மாவும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் அவன் மைக்கைத் தொடவில்லை. அன்றைக்குப் பேசியது கண்ணால் பார்த்ததை. கண்ணால் பார்க்காததைச் சொன்னால் நம்புவார்களா என்ற பயம் அவனை விடவில்லை. ஆனி பிறக்கிற சமயம், பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கிற தெரிந்த ஆள் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். அணை திறந்தாகிவிட்டது, இன்று பிற்பகல் ஆற்றுத் தண்ணீர் நம் கால்வாய்க்கு வந்து சேரும், கால்வாய்க்குள் யாரும் இறங்க வேண்டாம். பேச்சிராஜ் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, மடிக்காமல், ஓர் எழுத்து கூட்டாமல், ஓர் எழுத்து குறைக்காமல் படித்தான். 'வேண்டாம்' வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

சொல்லி முடித்து நாங்கள் பாலத்துக்கு வந்தபோது அங்கே ஒரு காக்கை இல்லை. கால்வாயில் சாக்கடைத் தண்ணீர் மட்டும் கறுப்பாக ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. பிறகு டீக்கடைக்காரன். பிறகு தெருத் தெருவாக வந்தார்கள், கரையெல்லாம் ஆள். கோமதிசங்கர் வங்கியிலிருந்து நேராக வந்திருந்தார். அப்பாவின் போனை அவர் கைவிடவில்லை. ஜனங்களுக்கு அந்த எண்தானே தெரியும்?

பிற்பகல் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரவில்லை. பேச்சிராஜ் நகத்தைக் கடித்தான். அப்போது கோமதிசங்கர் கையில் அந்தப் போன் அடித்தது. சார்வாளின் தலைமாட்டில் அடித்த அதே மணிச்சத்தம். பேச்சிராஜின் முகம் செத்துவிட்டது. "கேக்க ஆரம்பிச்சுட்டாங்கலே" என்றான் என்னிடம்.

கோமதிசங்கர் எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பாத்து லாத்தா.

"தம்பி, அடுப்பை அணைச்சுட்டேன், இந்தா கெளம்பிட்டேன். தண்ணி வரும்போது எங்கன நின்னா நல்லாத் தெரியும்? பாலத்துக்கு மேக்கயா, கெழக்கயா?"

வருமா என்று அவள் கேட்கவில்லை. கோமதிசங்கர் பேச்சிராஜைப் பார்த்தார். பேச்சிராஜ் ஆட்டோவுக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினான். தெருமுனையில் பர்தாவைச் சரிசெய்துகொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்த லாத்தாவைப் பார்த்து, கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய குரலில் முழங்கினான்.

"பாத்து லாத்தா! மேக்க வாங்க, மேக்க! பைய வாங்க, இடம் இருக்கு! ஏலே, லாத்தாவுக்கு இடம் விடுங்கலே!"

அந்த நேரம் பார்த்து வளைவில் இரைச்சல் கேட்டது. சருகும் நுரையுமாக, செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை ஆற்றுத் தண்ணீர் புரண்டு வந்தது. ஊரே கூவியது. பிள்ளைகள் குதித்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் பாலத்தைத் தாண்டிக் குளத்தைப் பார்த்துப் போனதை எல்லாரும் பார்த்தோம். பேச்சிராஜ் மட்டும் பார்க்கவில்லை. அவன் இன்னும் பாத்து லாத்தாவுக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தான்.